ஸ்டெல்லா டீச்சரின் திங்கட்கிழமை ஆட்டம்

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டாவது பாடவேளை. அலுவலக உதவியாளர் மேரி என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் சுற்றறிக்கை இல்லை. முழங்கால் வலிக்காரர், சுற்றறிக்கை இல்லாமல் மாடி ஏற மாட்டார். "டீச்சர், அமெரிக்கா சாமி உங்க போனுக்கு அடிச்சுக்கிட்டே இருந்தாகளாம். நீங்க எடுக்கலைன்னு ஆபீசுக்கு அடிச்சுட்டாக" என்றார். பிள்ளைகளைச் செய்யுள் படிக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

அமெரிக்கா சாமி என்று எங்கள் பள்ளியில் எல்லோரும் சொல்வது ஸ்டெல்லா டீச்சரின் தம்பி ஃபாதர் அருளை. ஆபீஸ் போனை எடுத்ததும், "அக்கா போயிருச்சு டீச்சர்" என்றார். "நர்ஸ் பிள்ளை இப்பத்தான் கூப்பிட்டுச் சொல்லுச்சு. நான் வந்து சேர ரெண்டு நாளாகும். நீங்க கொஞ்சம் வீட்டுக்குப் போறீகளா?" நான் "போறேன் சாமி" என்றேன். எதிர்பார்த்த செய்திதான். எதையுமே முன்கூட்டி எதிர்பார்த்து வைத்துக்கொள்கிறவள் நான். அப்படியும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பாதி தூரம் நடந்திருக்கிறேன்.

நம் பள்ளியின் பழைய மாணவியர் மலருக்கு ஸ்டெல்லா டீச்சரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவர் கணக்கு டீச்சர். மீதிப் பேருக்கு, காரைக்குடி வெயிலில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு டிவி பார்க்கிற விநோதமான அம்மா. இரண்டும் சரிதான். பத்தொன்பது வருஷம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தமிழ் டீச்சர் என்கிற முறையில் நான் சொல்ல வேண்டியது வேறொன்று. வாராவாரம் அவரிடமிருந்து ஒரு முடிவை மறைப்பது என் வேலையாக இருந்தது. பல வருஷம் மறைத்தேன். அதில் ஒரு முடிவு ஆட்டத்தின் முடிவல்ல. அதை மறைத்தது சரியா என்று இன்றுவரை எனக்குக் குடைச்சலாக இருக்கிறது. அதை இங்கே சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த ஆட்டம் எப்படி அவருக்குள் வந்தது என்று சொல்ல வேண்டும். ஸ்டெல்லா டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபிறகு தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கினார். தம்பி குருவானவர் ஆனார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரை அமெரிக்காவில் ஒரு பங்குக்கு அனுப்பிவிட்டார்கள். வடக்கே, பெரிய ஏரிக்கரையில், வருஷத்தில் பாதி பனி கொட்டுகிற ஊர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் காலியாகிவிடுமாம். சனங்கள் எல்லாம் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு, கால்பந்து என்று பெயர் வைத்துக் கையால் எறிந்து ஆடுகிற அந்த அமெரிக்க ஆட்டத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். முதல் வருஷம் தனியாக உட்கார்ந்திருந்த ஃபாதரையும் யாரோ இழுத்துப் போனார்கள். அன்றோடு அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

"அதுக்கு முந்தி தம்பி போன் பண்ணுனா ரெண்டு நிமிசம்தான் டீச்சர். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குளிரா, குளிருதான். வச்சிரட்டா, வச்சுரு. அவ்வளவுதான்" என்று ஸ்டெல்லா டீச்சர் சொல்லியிருக்கிறார். "ஒருநாள் அந்த ஆட்டத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சான். முக்கால் மணி நேரம். எனக்கு ஒரு எழவும் புரியலை. ஆனா பேசுனான்ல. சரி, இதைப் படிச்சுருவோம்னு முடிவு பண்ணேன்." கணக்கு டீச்சர் இல்லையா, நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டு விதிகளை எழுதிப் படித்தார். ஒரு மாதத்தில் தம்பிக்கே விதி சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

அந்த அணியின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. டீச்சரும் சொன்னதில்லை. அவருக்கு அவர்கள் "நம்ம பயலுக". அவ்வளவுதான்.

எனக்கு அவர் பாடம் எடுத்தது ஓய்வறை மேஜையில். அவித்த கடலையை இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பதினொன்று அடுக்கினார். பந்து வைத்திருக்கும் அணி பத்து கஜம் முன்னேற வேண்டும். அதற்கு நான்கு வாய்ப்பு. மூன்றில் முடியவில்லையென்றால் நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்து எதிராளியிடம் கொடுத்துவிடுவார்கள். அப்போது நம் அணியில் எறிந்து ஓடுகிற கூட்டம் வெளியே வந்துவிடும், நம் அணியிலேயே தடுக்கிற கூட்டம் உள்ளே போகும். இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் நான் பேச்சுவாக்கில் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுவிட்டேன். "ஐயையோ டீச்சர், அது நம்ம பந்து எறியிறவன்!" என்று பதறிப்போனார். அந்த எறிகிறவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது நான்தான். பத்துப் பேர் அவனைச் சுற்றி நின்று தாங்குகிறார்கள், அப்படியும் தரையில் விழுந்துவிட்டு நடுவரிடம் புகார் சொல்கிறான். வேறு என்ன பெயர் வைப்பது?

கல்லல் பக்கம் எங்கள் ஊர் மஞ்சுவிரட்டைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். அதில் மாட்டுக்குக்கூட இவ்வளவு மேல் விழுந்து அமுக்குவது கிடையாது. இதையெல்லாம் சொல்லிக் கேலி செய்வேன். டீச்சர் கேட்டுக்கொண்டு சிரிப்பார். ஆனால் செப்டம்பர் பிறந்துவிட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "இந்த வருசம் பாருங்க டீச்சர். இந்த வருசம் பயலுக விட மாட்டாய்ங்க." வருஷா வருஷம் அதே வாக்கியம். வருஷா வருஷம் பயலுக விட்டார்கள். நான் பார்த்த வரையில் அவர்கள் ஜெயித்த வாரங்களைவிடத் தோற்ற வாரங்கள் அதிகம். அதிலும் சும்மா தோற்க மாட்டார்கள், கையில் இருந்த ஆட்டத்தைக் கடைசி நிமிஷத்தில் தானமாகக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

ஆட்டம் அங்கே ஞாயிறு மதியம் நடக்கிறபோது இங்கே நாம் எல்லோரும் தூங்குகிற நேரம். டீச்சர் ஒன்பது மணிக்குப் படுத்து விடியற்காலைப் பூசைக்குப் போகிறவர். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஃபாதர் கட்டிக் கொடுத்த சந்தாவில் முழு ஆட்டமும் மறுநாள் டிவியில் கிடைக்கும். திங்கட்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, செக்காலைப் பக்கம் அவர் வீட்டு முன் அறையில், அப்போதுதான் ஆட்டம் தொடங்குகிற மாதிரி உட்காருவார். அதுவரைக்கும் முடிவு அவர் காதில் விழக்கூடாது. ஃபாதர்கூட அக்கா பார்த்து முடித்த பிறகுதான் கூப்பிடுவார். நாற்பது நிமிஷத்துக்குச் சுருக்கின ஆட்டமும் கிடைத்தது. அதைத் தொட மாட்டார். "குழம்பை வடிகட்டிக் குடிக்கவா? முழுசாப் போடுங்க" என்பார்.

ஒருதரம், புதிதாக வந்த கம்ப்யூட்டர் டீச்சர், விவரம் தெரியாமல், "மேடம், உங்க டீம் ஜெயிச்சிருச்சாமே!" என்று ஓய்வறைக்குள் கையை உயர்த்திக்கொண்டு வந்தது. ஸ்டெல்லா டீச்சரின் முகம் வாடிவிட்டது. அந்தப் பெண் பாவம், அழுதே விட்டது. டீச்சர் அதைத் தேற்றி அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "ஜெயிச்சது சந்தோசந்தான் டீச்சர். ஆனா ஜெயிக்கிற வரைக்கும் நம்ம பயந்துக்கிட்டு இருந்திருக்கணும்ல. அந்தப் பயத்தை எடுத்துக்கிட்டாகளே." நான் இதை வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். டீச்சருக்குக் கொஞ்சம் தூக்கம் போதவில்லை என்றார்.

என் சுபாவம் இதற்கு நேர் எதிர். முடிவு தெரியாமல் என்னால் எதையும் பார்க்க முடியாது. கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவேன். அதனால் திங்கட்கிழமை காலையில் பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன் போனில் முடிவைப் பார்த்துவிடுவேன். டீச்சருக்கு அது தெரியும். "பாத்துக்குங்க. ஆனா மூஞ்சியைக் காட்டாதீக" என்பார். நானும் நாள் முழுக்கக் கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மாலையில் போகிற வழியில் ஏதாவது வாங்கிக்கொண்டோ வெறுங்கையோடோ அவர் வீட்டுக்குப் போய், இரண்டரை மணி நேரம் ஒன்றும் தெரியாதவள் போல் உட்கார்ந்திருப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தக் கம்பளிக் குல்லாய் ஃபாதர் அனுப்பியது. உச்சியில் நூல் குஞ்சம் வைத்தது. அணியின் நிறம். அதைப் போட்டுக்கொண்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, கழுத்தில் துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பார்ப்பார். கடைசி நிமிஷங்களில் எழுந்து நின்றுவிடுவார். "உதைச்சுத் தொலையாதடா, நாலாவதுலயும் ஓடு!" என்று பயிற்சியாளரைப் பெயர் சொல்லித் திட்டுவார். வகுப்பில் ஒரு பிள்ளையைக்கூட அவர் திட்டி நான் பார்த்ததில்லை.

வகுப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அவரிடம் படித்த உங்களுக்கு இது தெரிந்திருக்கும். தப்பாகப் போட்ட கணக்கின் குறுக்கே அவர் சிவப்புக் கோடு இழுக்க மாட்டார். எந்த வரி வரைக்கும் சரியாக வந்திருக்கிறது என்று பார்த்து, அங்கே சின்னதாக ஒரு கோடு போட்டு, ஓரத்தில் "இது வரை சரி" என்று எழுதுவார். பிறகு அந்த இடத்திலிருந்து மறுபடியும் போடச் சொல்வார். ஒரு பிள்ளையின் தாளில் முதல் வரியிலேயே கோடு விழுந்திருந்தது. அதற்கு முன்னால் இருந்தது கேள்வி எண் மட்டும்தான். "கேள்வி எண் வரைக்கும் சரியாக்கும்?" என்று கேலி செய்தேன். "எந்தக் கேள்வின்னு தெரிஞ்சிருக்குல்ல டீச்சர்" என்றார். இரண்டு தடவை கணக்கில் தவறிய அந்தப் பிள்ளைதான் பின்னால் நர்ஸ் படித்துவிட்டு, கடைசி மாதங்களில் டீச்சரைப் பார்த்துக்கொண்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் சமயம், அதிசயமாகப் பயலுக இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்துவிட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தும்விட்டார்கள். எனக்குத்தான் கோபம் தாங்கவில்லை. "இவனுகளுக்காக ஏன் டீச்சர் இப்படி உயிரை விடுறீக? இன்னும் நூறு வருசம் ஆனாலும் இவனுக தோப்பானுக" என்று கத்திவிட்டேன். அவர் குல்லாயைக் கழற்றினார். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, சோப்புப் பொடி போட்டு அலசி, முற்றத்துக் கொடியில் போட்டார். காய்ந்ததும் இரண்டு பாச்சை உருண்டை வைத்து மடித்துப் பீரோவுக்குள் வைத்தார். "செப்டம்பர்ல எடுக்கணும்" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

போன வருஷம் நவம்பரில் அவருக்கு வயிற்று வலி. அப்போது அவர் ஓய்வு பெற்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பித்தப்பைக் கல் என்றுதான் எல்லோரும் சொன்னோம். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் திங்கட்கிழமை மாலைதான் கிடைக்கும். பள்ளி விட்டு வருகிற வழியில் நான் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மதியம் டீச்சர் போன் செய்தார். "ரிப்போர்ட்டை வாங்கிக்கிட்டு நேரா வாங்க. ஆனா ரெண்டுல எதையும் சொல்லக் கூடாது. மொதல்ல ஆட்டம். அதுக்கப்புறந்தான் மத்தது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆட்டத்தின் முடிவு காலையிலேயே எனக்குத் தெரியும். தோல்வி. ரிப்போர்ட்டை வாங்கி, ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு வெளியே, வண்டிகள் நிற்கிற இடத்தில் நின்றபடியே உறையைப் பிரித்தேன். என் சுபாவம்தான் சொன்னேனே. அதில் இருந்த ஆங்கில வார்த்தைகளில் முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை. புரிந்த கால்வாசி போதுமானதாக இருந்தது. உடனே மதுரைக்குப் போய்ப் பெரிய மருத்துவரைப் பார்க்கச் சொல்லிக் கடைசி வரி இருந்தது. உறையைப் பழையபடி ஒட்டினேன். எப்படி நடந்தேன் என்று தெரியாது. வழக்கமாக வாங்குகிற கடையில் வெள்ளைப் பணியாரம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

டீச்சர் குல்லாயோடு உட்கார்ந்திருந்தார். உறையை என் கையிலிருந்து வாங்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். பணியாரத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தட்டில் போட்டு எடுத்துவந்தார். ஆட்டம் தொடங்கியது. அந்த இரண்டரை மணி நேரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. அன்றைக்குப் பார்த்துப் பயலுக பிரமாதமாக ஆடினார்கள். மாப்பிள்ளை எறிந்ததெல்லாம் கைக்குப் போனது. டீச்சர் என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "பாத்தீகளா, பாத்தீகளா!" என்றார். நானும் பார்த்தேன். என் கண்ணுக்கு டிவிக்குப் பக்கத்தில் இருந்த உறைதான் தெரிந்தது. கடைசி நிமிஷத்தில் ஒருவன் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். முடிந்தது. டீச்சர் டிவியை அணைத்தார். பிறகு உட்கார்ந்து குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி டீச்சர். ரெண்டாவது என்ன?" என்றார்.

"எனக்கென்ன தெரியும், ஒட்டித்தானே இருக்கு. டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றேன். என் குரல் எனக்கே நன்றாகத்தான் இருந்தது.

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சர், பயலுக தோத்த வாரம் நீங்க பணியாரம் வாங்கிட்டு வருவீக. ஜெயிச்ச வாரம் வெறுங்கையோட வருவீக. எத்தனை வருசமா உங்களைப் பாக்குறேன்? இன்னைக்கு ரெண்டு பொட்டலம் கொண்டாந்திருக்கீக. ஒண்ணு பயலுகளுக்கு. இன்னொண்ணு எனக்கா?"

அப்போதுதான் நான் தட்டைப் பார்த்தேன். இரண்டு பொட்டலம் வாங்கியது எனக்கு நினைவே இல்லை. தோற்ற வாரம் வாங்குவேன் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் அழுதுவிட்டேன். என்னைத் தேற்றுகிற நிலைமைக்கு அவரை ஆளாக்கிவிட்டேன். ஒரு கையால் என் முதுகைத் தடவிக்கொண்டு மறு கையால் உறையை எடுத்துப் பிரித்து, அவரே படித்தார். நிதானமாக, பரீட்சைத் தாள் திருத்துவது போல ஒவ்வொரு வரியாக.

எனக்கு அன்று ஆறவே இல்லை. அழுகைக்கு நடுவே ஒரு கோபமும் வந்தது. "அப்ப இத்தனை வருசமா, தோக்கப் போறாகன்னு தெரிஞ்சேவா உக்காந்து கத்துனீக? எந்திரிச்சு நின்னு, வேர்த்து விறுவிறுத்து?"

"தெரியும். கதவைத் திறந்து பொட்டலத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுரும்" என்றார். ரிப்போர்ட்டை மடித்து உறைக்குள் போட்டார். "ஆனாலும் ஒவ்வொரு தடவையும், ஒருவேளை டீச்சருக்கு இன்னைக்கு நெசமாவே பசிச்சிருக்குமோன்னு ஒரு நெனப்பு வரும். அது போதும் டீச்சர், ரெண்டரை மணி நேரத்துக்கு."

அதற்கப்புறம் நடந்ததை உங்களில் பலர் கூட இருந்து பார்த்தீர்கள். மதுரைக்கு மாறி மாறி அவரை அழைத்துப் போனீர்கள். மருந்து ஏற்றி முடி கொட்டியபோது அவர் அந்தக் குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டு, "இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் இதுக்கு வேலை வந்திருக்கு" என்று ஆஸ்பத்திரி வார்டையே சிரிக்கவைத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துப் படுக்கை அம்மா நெற்குப்பை ஊர்க்காரர். அவருக்கும் ஆட்டத்தின் விதிகளை மாத்திரை அட்டைகளை அடுக்கிச் சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மா வீட்டுக்குப் போன பிறகும் போன் செய்து, "பயலுக எப்ப ஆடுறாக?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் ஃபாதர் லீவில் வந்தார். மருத்துவர் இன்னொரு சுற்று மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் உடம்பு தாங்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஃபாதர் ஏற்றலாம் என்றார். நானும் அதையே சொன்னேன். டீச்சர் வேண்டாம் என்றார். எனக்குத் தாங்கவில்லை. "நாலாவதுலயும் ஓடுடான்னு அந்தக் கத்து கத்துவீக. உங்களுக்குன்னு வரும்போது உதைச்சுட்டுப் போறேங்கிறீகளா?" என்று கேட்டேவிட்டேன். நோயாளியிடம் கேட்கிற கேள்வியா அது? ஃபாதர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

டீச்சர் கோபப்படவில்லை. தலையணையைச் சரி செய்யச் சொல்லி, சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வகுப்பில் பேசுகிற மாதிரி பேசினார். "உதைக்கிறது விட்டுக்குடுக்குறதுன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் டீச்சர். அது அப்படி இல்ல. பந்தை அங்குட்டு எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ தள்ளிட்டு வெளிய வந்து உக்காரணும். நம்ம ஆளுக இன்னொரு கூட்டம் உள்ள போகும்ல, அவுகளை நம்பணும். நான் வெளிய வாரேன். நீங்க எல்லாரும் உள்ள போங்க." பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஊருக்குப் போனதும் டீச்சருக்குப் போன் பண்ணு. திங்கக்கிழமை சாயந்தரம். ரெண்டு நிமிசத்துல வைக்கக் கூடாது" என்றார். அவர் எங்களிடம் கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான்.

அந்த டிசம்பர் மாலையைப் பற்றி நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஜூலைக் கடைசியில் ஒருநாள் கேட்டும் பார்த்தேன். உறையைத் திருட்டுத்தனமாகப் பிரித்ததற்கும், இரண்டரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கும், கேட்ட பிறகும் பொய் சொன்னதற்கும். அவருக்குப் பேச்சு குறைந்துபோயிருந்தது. "நல்ல ஆட்டம் டீச்சர் அது" என்றார். அன்றைய ஆட்டத்தைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அதை நிம்மதியா பாத்தேன்" என்றார். இரண்டு பொட்டலத்தையும் பார்த்த பிறகு ஒருவர் எப்படி நிம்மதியாகப் பார்க்க முடியும் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஆட்டங்கள் மறுபடி தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னால் அவர் போனார். அடக்கத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இத்தனை பேருக்கா அக்கா கணக்குச் சொல்லிக்கொடுத்தது என்று ஃபாதர் கேட்டார். ஊருக்குத் திரும்புவதற்கு முன் அவர் டிவிப் பெட்டியை என் வீட்டில் கொண்டுவந்து மாட்டி, சந்தாவையும் அதில் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிடுகிறார். இதுவரை ஒருநாளும் இரண்டு நிமிஷத்தில் வைத்ததில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். போன திங்கட்கிழமை காலையிலும், பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன்னால், மாடிப்படியில் நின்று போனில் முடிவைப் பார்த்தேன். மூன்று புள்ளியில் தோல்வி. மாலையில் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "பெறகு எதுக்கு உக்காந்து பாக்குற?" என்றார். பார்க்க உட்கார்ந்தேன். கடைசிப் பகுதியில் இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. மூன்று புள்ளி பின்னால் இருந்தோம். பந்து நம்மிடம். பயலுக பத்து பத்து கஜமாக முன்னேறிக்கொண்டு வந்தார்கள். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. காலையில் அவசரத்தில் பார்த்தேன். கண்ணாடிகூடப் போடவில்லை. ஒருவேளை நான் தப்பாகப் படித்திருப்பேனோ?

ஐம்பத்தேழு வயதில் என் வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குள் வந்த எண்ணம் அது. ஸ்டெல்லா டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒருவேளையைத்தான். வேறு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை, தேவைப்படவும் இல்லை. எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், "உக்காரு, அதான் தோத்துட்டாகன்னு நீயே சொன்னியே" என்றார்.

"இருங்க" என்றேன், "இன்னும் முடியலை."